பெயர் மாறிய கப்பல்

வாப்பா மௌத்தாகி மூன்று வருடங்களின் பின், அவர் பலா மரத்தில் செய்த அலுமாரியை விற்க முடிவெடுத்தோம். மகளின் படிப்புச் செலவுக்கு வேறு வழியில்லை. ஹற்றன் ஈரத்தில் ஊறிப்போயிருந்ததைப் பழுது பார்த்துப் பொலிஷ் பூசியதும் புத்தம் புதிதாய் மின்னியது. வாங்க வந்தவர் நல்ல விலை சொன்னார். என் மனமோ இடம் கொடுக்கவில்லை.

வாப்பா அடிக்கடி சொல்லும் கப்பல் கதை நினைவுக்கு வந்தது.

வல்வெட்டித்துறையில் 1930இல் வேப்ப மரத்தால் கட்டப்பட்ட பாய்க்கப்பல் 'அன்னபூரணி அம்மாள்'. சிறு பாய்ப்படகில் உலகைச் சுற்றி வந்த அமெரிக்கர் வில்லியம் ரொபின்சன், அதன் அழகில் மயங்கி விலைக்கு வாங்கினார். தண்டையல் கனகரத்தினம் தம்பிப்பிள்ளையும் வல்வெட்டித்துறை மாலுமிகளும் அத்திலாந்திக் கடலைத் தாண்டி, 1938 ஆகஸ்டில் அதை அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்தில் சேர்த்தார்கள். ஆனால் அப்போது அதன் பெயர் 'புளோரன்ஸ் சி. ரொபின்சன்'. ஆம், வாங்கியவரின் மனைவி பெயர்!

"கப்பலை வித்ததில குறையில்ல மகள். கட்டினவங்கட பேர் போனதுதான் குறை" என்பார் வாப்பா, மர பாஸ் அல்லவா!

அலுமாரியைக் கொடுத்துவிட்டேன். உட்கதவில் வாப்பா உளியால் செதுக்கிய தன் பெயரைக் காட்டி, "இதை மட்டும் அழிச்சிட வேணாம் தம்பி" என்றேன்.

அவர் விரலால் அதைத் தடவிப் பார்த்தார். "சரி தாத்தா. என்ட பிள்ளைகளுக்கும் சொல்லி வைக்கிறன்" என்றார்.

பாரம் இறங்கியது.