கர்துங் கணவாய்க்கு இரண்டு பயணங்கள்

லடாக்கின் லே நகரில் மோட்டார் சைக்கிள் வாடகைக்கு எடுக்கச் சென்றபோது, கடைக்காரர் என்னிடம் முதலில் கேட்டது முன்பணமும் அன்று, ஓட்டுநர் உரிமமும் அன்று. "லேக்கு எப்போது வந்தீர்கள்?" என்றே கேட்டார். அந்தக் கேள்விக்கு நான் பொய் சொன்னேன். பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கும் ஒருவன் இதை எழுத வெட்கப்படத்தான் வேண்டும். ஆயினும் இதை மறைத்துவிட்டு மலையின் அழகை மட்டும் உங்களிடம் வருணிக்க எனக்கு மனம் வரவில்லை.

2023 ஜூலைத் தொடக்கம். ஹஜ்ஜுப் பெருநாள் விடுமுறை. உடன் வந்தவன் என் ராத்தாவின் மகன், வயது இருபத்தொன்று. "தம்பி, இவனை உன்னிடம் அமானிதமாக அனுப்புகிறேன்" என்று சொல்லித்தான் ராத்தா வழியனுப்பி வைத்தார். டில்லியிலிருந்து விமானத்தில் லேயில் இறங்கியது காலையில். கடல் மட்டத்தோடு ஒட்டிய ஊரில் வாழ்கின்ற நாங்கள், ஒன்றரை மணி நேரத்திற்குள் 3,500 மீட்டர் உயரத்திற்கு வந்துவிட்டோம். அங்கே காற்றில் பிராணவாயுவின் விகிதம் குறைவதில்லை. காற்றின் அழுத்தந்தான் குறைகிறது. ஆகவே ஒவ்வொரு மூச்சிலும் உட்செல்லும் பிராணவாயு குறைந்துவிடுகிறது. உடல் அதற்குப் பழக இரண்டு நாட்களாவது ஓய்வு வேண்டும். இதையெல்லாம் படித்துத்தான் சென்றிருந்தேன். ஆனால் விடுமுறையோ குறைவு. திரும்பும் பயணச்சீட்டும் கையில் இருந்தது. "வந்து மூன்று நாளாயிற்று" என்று கடைக்காரரிடம் உருதுவில் சொன்னேன். உண்மையில் நாங்கள் வந்தது முந்தைய நாள்.

மணாலியிலோ ஸ்ரீநகரிலோ வாடகைக்கு எடுத்த வண்டியை லேக்கு அப்பால் ஓட்ட உள்ளூர்ச் சங்கத்தார் விடுவதில்லை. லேயில்தான் எடுக்க வேண்டும். எங்களுக்குக் கிடைத்தது ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன். கடைக்காரர் பிரேக்கையும் சங்கிலியையும் சோதித்துக் காட்டினார். தொட்டியை லேயிலேயே நிரப்பிக்கொள்ளச் சொன்னார். நண்பகலுக்கு முன் கணவாயைக் கடந்துவிடுங்கள் என்றும் சொன்னார். வெயில் ஏற ஏறப் பனி உருகி, சாலையின் குறுக்கே ஓடைகள் பெருகுமாம்.

லேயிலிருந்து கர்துங் லா ஏறத்தாழ 40 கிலோமீட்டர். 'லா' என்றால் அம்மக்களின் மொழியில் கணவாய். முதல் 24 கிலோமீட்டர் நல்ல தார்ச் சாலை. வளைவுக்கு வளைவு லே நகரம் கீழே சுருங்கிக்கொண்டே போகும். தொடக்கத்தில் பின்னிருக்கையில் ஓயாமல் பேசிக்கொண்டு வந்த மருமகன், சிறிது நேரத்தில் பேச்சை நிறுத்திவிட்டான். காட்சியில் மெய்மறந்திருக்கிறான் என்றே எண்ணிக்கொண்டேன். ஓட்டுகிறவனுக்குப் பின்னால் இருப்பவனின் முகம் தெரிவதில்லை அல்லவா? அவனுடைய தலைக்கவசம் என் தலைக்கவசத்தில் இருமுறை மோதிற்று. தெற்குப் புல்லு என்னும் சோதனைச் சாவடியில் வண்டியை நிறுத்தியதும், இறங்கி ஓரமாகச் சென்று வாந்தியெடுத்தான். முகம் வெளிறிப் போயிருந்தது. "இரவிலிருந்தே தலைவலி மாமா. நீங்கள் இவ்வளவு செலவு செய்து அழைத்து வந்திருக்கிறீர்கள், எப்படிச் சொல்வது?" என்றான்.

நான் ஒரு பொய் சொன்னேன். அவன் ஓர் உண்மையை மறைத்தான். இரண்டும் சேர்ந்து எங்களை அங்கே கொண்டுவந்து நிறுத்தியிருந்தன. கணவாய்க்கு இன்னும் 15 கிலோமீட்டர்தான். மேலே போய்விட்டுத் திரும்பிவிடலாமே என்ற எண்ணம் ஒரு கணம் எனக்குள் எழுந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். சாவடியில் நின்ற படைவீரர் ஒருவர் அவனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "உடனே கீழே கொண்டு போங்கள்" என்று மட்டும் சொன்னார். லேக்குத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு டாக்சியில் அவனை ஏற்றி, பின்னாலேயே நான் வண்டியில் இறங்கினேன். மலைநோய்க்கு முதல் மருந்து கீழே இறங்குவதுதான். மருத்துவமனையில் பிராணவாயு வைத்தார்கள். மாலைக்குள் தலைவலி தணிந்தது.

வண்டியை ஒப்படைக்கச் சென்றபோது கடைக்காரரிடம் உண்மையைச் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை, உப்புத் தேநீர் ஊற்றிக் கொடுத்தார். "இந்த மலைக்கு அவசரமில்லை, நமக்குத்தான்" என்றார். அடுத்த மூன்று நாட்கள் லேயின் கடைத்தெருவிலேயே கழிந்தன. பதினேழாம் நூற்றாண்டைச் சேர்ந்த ஜாமிஆ மஸ்ஜித் அங்கேதான் இருக்கிறது. யார்க்கண்டிலிருந்தும் காஷ்கரிலிருந்தும் வந்த வணிகக் கூட்டங்கள் கர்துங் கணவாயைக் கடந்துதான் இந்த ஊருக்கு வந்து சேர்ந்தன. பனிப்பாறையைக் கடக்கும்போது குதிரைகளால் முடியாமல், சுமைகளை யாக் எருதுகளின் முதுகுக்கு மாற்றுவார்களாம். அந்த வணிகர்களில் சிலர் லேயிலேயே மணம் முடித்துத் தங்கிவிட்டனர். அவர்களின் சந்ததியாரை ஆர்கோன்கள் என்கிறார்கள். எங்கள் கடைக்காரரும் அந்த வழி வந்தவர்தாம். வந்த களைப்பில் பல வாரங்கள் அவர்கள் இங்கே இளைப்பாறியிருக்க, நாங்கள் ஒரு நாள்கூடப் பொறுக்கவில்லை!

மருத்துவர் அனுமதி தந்த பிறகு, நான்காம் நாள் விடியற்காலையில் மீண்டும் புறப்பட்டோம். இம்முறை ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு தரம் நிறுத்தி, தலைக்கவசத்தைக் கழற்றச் சொல்லி அவன் முகத்தைப் பார்த்தேன். தெற்குப் புல்லுக்கு மேல் சாலை கரடுமுரடானது. சேறும் சரளையும் பனிநீரும் கலந்து கிடந்தன. இராணுவ லாரிகளின் அணி எதிரே வந்தால் மலைப்பக்கமாக ஒதுங்கி நிற்பதே நலம். வண்டியும் எங்களைப் போலவே மூச்சு வாங்கிற்று. இரண்டாம் கியருக்கு மேல் ஏற மறுத்தது.

உச்சியில் காற்றழுத்தம் கடலோரத்தில் இருப்பதில் ஏறத்தாழப் பாதிதான். பத்து அடி நடந்தால் நெஞ்சு படபடக்கிறது. பௌத்தர்கள் கட்டிய வண்ணக்கொடிகள் காற்றில் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தன. உலகிலேயே உயரமான வாகனச் சாலை என்றும் 18,380 அடி என்றும் நெடுங்காலம் இங்கே எழுதி வைத்திருந்தார்கள். பின்னர் அளந்தவர்கள் கண்ட உயரம் 5,359 மீட்டர், அதாவது 17,582 அடிதான். 2021 இல் லடாக்கிலேயே உம்லிங் லாவில் 19,024 அடி உயரத்தில் சாலை அமைந்துவிட்டது. கணவாய்க்கும் பெருமை பேசும் ஆசை இருந்திருக்கிறது போலும் என்று சிரித்துக்கொண்டோம். இருபது நிமிடங்களுக்கு மேல் அங்கே நிற்கவில்லை. வடக்கே இறங்கி, நண்பகலுக்குப் பின் ஷியோக் ஆற்றங்கரையை அடைந்தபோது, மருமகன் மீண்டும் ஓயாமல் பேசத் தொடங்கியிருந்தான். ஹுந்தர் மணல்மேட்டில் நின்ற இரட்டைத் திமில் ஒட்டகங்கள் அந்தப் பழைய வணிகக் கூட்டங்கள் விட்டுச் சென்றவற்றின் வழித்தோன்றல்களாம்.

ஊர் திரும்பியதும் நடந்ததை மறைக்காமல் ராத்தாவிடம் சொல்லிவிட்டேன். இரண்டு நாட்கள் அவர் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் மகனிடம் வட்டிலப்பம் கொடுத்தனுப்பினார்.