சைடுவால் சொன்ன சாட்சி

டயர் வழக்கில் நுகர்வோர் ஜெயிப்பது கடினம் என்று வக்கீல்கள் வட்டாரத்தில் ஒரு பேச்சு உண்டு. அதற்குக் காரணமும் இருக்கிறது. டயர் கிழிந்ததும் கம்பெனி ஆள் வந்து பார்ப்பார். 'வெளிப்பொருள் குத்தியதால் ஏற்பட்ட வெட்டு, தயாரிப்புக் குறை அல்ல' என்று ஒரு தாள் கொடுப்பார். கல், ஆணி, பள்ளம் எதற்கும் பொறுப்பில்லை என்று வாரண்டி அட்டையில் ஏற்கெனவே அச்சிட்டிருப்பார்கள். பெரும்பாலானவர்கள் அதைப் படித்துவிட்டுப் புது டயர் வாங்கப் போய்விடுவார்கள்.

போடிநாயக்கனூர் டிரைவர் ஒருவர் அப்படிப் போகவில்லை. கிழிந்த மூன்று டயர்களையும் வண்டியில் போட்டுக்கொண்டு நேராக என் அலுவலகத்துக்கு வந்தார்.

சொந்தமாக ஒரு பிக்கப் வண்டி வைத்து அவரே ஓட்டுகிறார். போடியில் உரமூட்டை ஏற்றுவார். போடிமெட்டுச் சாலையின் 17 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கத்து ஏலத்தோட்டங்களுக்குள் போய் இறக்குவார். திரும்பும்போது ஏலக்காய் மூட்டையோடு போடிக்கு இறங்குவார். தார்ச்சாலை தோட்டத்தின் வாசல் வரைதான். அதற்குமேல் சேறு, சேற்றுக்கு அடியில் வெட்டுக்கல், ஓரங்களில் வெட்டிவிட்ட மரத்தின் அடிக்கட்டை. ஜூனில் தென்மேற்குப் பருவமழை பிடித்தால் ஆகஸ்ட் வரை அந்தப் பாதை காய்வதே இல்லை.

2022 ஏப்ரலில், மழைக்கு முன்பாகவே, நான்கு டயரும் புதிதாகப் போட்டார். ஜூலை முடிவதற்குள் மூன்று போய்விட்டன. மூன்றுமே பக்கவாட்டில், சைடுவாலில் கிழிந்தவை. தரையைத் தொடும் ட்ரெட்டில் ஆணி ஏறினால் பஞ்சர் ஒட்டிவிடலாம். சைடுவால் கிழிந்த டயரை ஒட்டி ஓட்டக் கூடாது, அது குப்பைக்குத்தான். மூன்றாவது டயர் கிழிந்தபோது வண்டி லோடோடு சரிந்து மண்மேட்டில் சாய்ந்து நின்றது. யாருக்கும் காயமில்லை.

"பட்டன் அப்படியே இருக்கு சார், பாருங்க. ஓட்டுன தேய்மானமே இல்ல. ஆனா பக்கவாட்டுல காகிதம் மாதிரி கிழிஞ்சிருச்சு" என்றார்.

அவர் சொன்னது சரிதான். முகத்தைப் பார்த்தால் அது அசல் சேற்று டயர். பெரிய பெரிய பட்டன் (ட்ரெட்டில் புடைத்து நிற்கும் ரப்பர்க் கட்டை), நடுவே அகலமான இடைவெளி, தோள்பட்டையில் பல் பல்லாக வெட்டு. பிறகு ஏன் கிழிந்தது?

பதில் டயரின் மேலேயே எழுதியிருந்தது. போடியில் முப்பது வருடமாகப் பஞ்சர் கடை வைத்திருக்கும் பெரியவர் ஒருவரைப் பார்க்கச் சொன்னார் என் கட்சிக்காரர். கிழிந்த டயரை அவர் தண்ணீர் விட்டுக் கழுவினார். ரிம்மை ஒட்டிய பகுதியில் சாக்பீஸைப் படுக்கவைத்துத் தேய்த்தார். புடைப்பெழுத்துகள் வெள்ளையாக எழுந்து வந்தன. ட்ரெட்டில் ஒரு அடுக்கு பாலியெஸ்டர், இரண்டு அடுக்கு ஸ்டீல், ஒரு அடுக்கு நைலான். சைடுவாலில் ஒரு அடுக்கு பாலியெஸ்டர், அவ்வளவுதான்.

"கல்லுப்பாதைக்குப் போற டயர்னா இங்க மூணுன்னு போட்டிருக்கணும் சார்" என்றார். "மாட்டை வாங்குறவன் பல்லைப் பிடிச்சுப் பாக்குறான். டயர் வாங்குறவன் மூஞ்சிய மட்டும் பாத்துட்டுப் போறான்."

வழக்கின் உயிர்நாடி அந்த ஒரு வரியில் இருந்தது. சேற்றில் வண்டியை இழுப்பது பட்டன். அகலமான இடைவெளிகள் சேற்றை வாங்கி, சக்கரம் சுற்றும்போது உதறி வெளியே தள்ளுகின்றன. ஆனால் கல்லின் விளிம்பை எதிர்கொள்வது பட்டன் அல்ல. சேற்றுக்குள் புதைந்த சக்கரத்தின் விலாவில்தான் கல் உரசுகிறது. அந்த இடத்தில் ரப்பருக்குப் பின்னால் எத்தனை அடுக்குத் துணி இருக்கிறது என்பதே டயரின் ஆயுளைத் தீர்மானிக்கிறது. கடினப் பாதைக்கென்று செய்யும் மட் டெரைன் டயர்களில் பெரும்பாலும் மூன்றடுக்கு சைடுவால் இருக்கும். ஒரே 235/75 ஆர் 15 அளவில் கார் வகை டயரும் கிடைக்கும், எல்.டி. என்று முன்னெழுத்து போட்ட இலகு லாரி வகை டயரும் கிடைக்கும். அளவு ஒன்று, உள்கட்டு வேறு. என் கட்சிக்காரருக்கு டயர் விற்ற கடைக்காரர் கொடுத்தது கார் வகை.

இனி சட்டம். பலரும் இங்கேதான் வழுக்கி விழுவார்கள். 'டயரில் தயாரிப்புக் குறை' என்று மனு போட்டிருந்தால், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 38ஆம் பிரிவுப்படி நுகர்வோர் ஆணையம் டயரைப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பும். குறை இல்லை என்று அறிக்கை வரும், ஏனென்றால் உண்மையிலேயே குறை இல்லை. அந்த டயர் தார்ச்சாலைக்கும் சாதாரண மண்பாதைக்கும் நல்ல டயர்தான். தப்பான இடத்துக்குப் போன நல்ல டயர் அது. அதை அங்கே அனுப்பியது யார் என்பதே கேள்வி.

1930ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு இதற்கென்றே எழுதியது போல இருக்கும். வாங்குபவர் தன் தேவை இன்னது என்று விற்பவரிடம் சொல்லி, விற்பவரின் தொழில் அறிவை நம்பி வாங்கினால், பொருள் அந்தத் தேவைக்குத் தகுந்ததாக இருக்க வேண்டும் என்பது ஒப்பந்தத்தில் தானாகவே அடங்கிய நிபந்தனை. நுகர்வோர் சட்டத்தின் 2(10) பிரிவும் துணைக்கு வருகிறது. வியாபாரி எந்த விதத்தில் சொல்லியிருந்தாலும் சரி, அவர் சொன்ன தரம் பொருளில் இல்லாவிட்டால் அதுவும் 'குறைபாடு'. அதே சட்டத்தில் பொருள் பொறுப்பு பற்றிய புதிய அத்தியாயத்தை நான் தொடவில்லை. அதில் சொல்லும் 'தீங்கு' என்பதில் பொருளுக்கே ஏற்பட்ட சேதம் சேராது. டயரின் விலையை அந்த வழியில் கேட்க முடியாது.

தேவையைச் சொன்னதற்கு ஆதாரம் வேண்டுமே. கட்சிக்காரரின் செல்போனில் இருந்தது. கடைக்காரருக்கு அவர் அனுப்பிய வாட்ஸ்அப் குரல் பதிவு:

"அண்ணே, நம்ம பிக்கப்புக்கு நாலு டயர் போடணும். போடிமெட்டுத் தாண்டி உள்ள எஸ்டேட் ரோடு. மழைக்கு முழங்கால் சேறு, அடியில பூராக் கல்லு. ஒரு டன் ஏத்துவேன். எது தாங்கும்னு நீங்களே பாத்துச் சொல்லுங்க."

கடைக்காரரின் பதிலும் இருந்தது. "மட் டயர் புதுசா வந்திருக்கு தம்பி. கல்லு முள்ளு எதுக்கும் அசையாது. நான் சொல்றேன், வந்து மாட்டிக்கங்க."

இதைவிட நல்ல சாட்சியம் ஒரு வக்கீலுக்குக் கிடைக்காது. இரண்டு பதிவுகளையும் எழுத்தில் பெயர்த்து, அப்போது நடப்பிலிருந்த சாட்சியச் சட்டத்தின் 65பி சான்றிதழோடு தாக்கல் செய்தேன். நுகர்வோர் ஆணையத்தில் சாட்சியச் சட்டம் அவ்வளவு இறுக்கமாகப் பார்க்கப்படுவதில்லை. ஆனாலும் அர்ஜுன் பண்டிட்ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2020இல் அந்தச் சான்றிதழ் கட்டாயம் என்று சொன்ன பிறகு அதை விட்டுவிடுவது புத்திசாலித்தனம் அல்ல.

கடையிருப்பது வேறு மாவட்டம். ஆனாலும் கடைக்காரர் மீதும் டயர் கம்பெனி மீதும் வழக்கை எங்கள் மாவட்டத்திலேயே போட்டோம். முறையீட்டாளர் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குத் தொடரலாம் என்பது 2019 சட்டம் கொண்டுவந்த நல்ல மாற்றம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணமும் கிடையாது.

எதிர்தரப்பு முதலில் கிளப்பியது, இவர் நுகர்வோரே அல்ல, வணிகத்துக்காக வாங்கினார் என்ற ஆட்சேபணை. இதற்கு விடை ஒரு கோயமுத்தூர் நிறுவனம் கட்சியாக இருந்த வழக்கில் இருக்கிறது. லக்ஷ்மி என்ஜினியரிங் ஒர்க்ஸ் எதிர் பி.எஸ்.ஜி. இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிட்யூட், 1995. அதில் வழக்குப் போட்டவர் தோற்றார். ஆனால் தானே ஓட்டிப் பிழைக்க வண்டி வாங்குகிறவர் நுகர்வோர்தான் என்ற விளக்கம் அந்தத் தீர்ப்பின் வழியாகத்தான் நிலைத்தது. என் கட்சிக்காரர் தன் வண்டியை வேறு யாரிடமும் கொடுத்ததில்லை. ஓட்டுநர் உரிமத்தையும் ஆர்.சி. புத்தகத்தையும் சேர்த்து வைத்தேன். அந்த ஆட்சேபணை அதோடு நின்றது.

அடுத்து, டயரில் 'எம்+எஸ்' (மட்+ஸ்னோ) குறி இருக்கிறது, ஆகவே இது சேற்று டயர்தான் என்றார் கடைக்காரரின் வக்கீல். அந்தக் குறி தயாரிப்பாளர் தானே பட்டன் அமைப்பைப் பார்த்துப் போட்டுக்கொள்வது. எத்தனையோ சாதாரண டயர்களில் அது உண்டு. சைடுவாலைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை.

எடை தாங்கும் குறியீடு 105, அதாவது டயருக்கு 925 கிலோ, எல்.டி. டயரிலோ 104, 900 கிலோதான். தாங்கள் விற்றதுதான் உறுதியானது என்றும் எதிர்தரப்பில் வாதிட்டார்கள். கேட்பதற்குச் சரி போலத் தோன்றும். எடையைத் தாங்குவது வேறு, வெட்டைத் தாங்குவது வேறு. என் கட்சிக்காரரின் வண்டி பாரம் தாங்காமல் நிற்கவில்லை. கல் கிழித்து நின்றது.

கம்பெனியின் ஆட்சேபணைதான் கனமானது. காற்றைக் குறைத்து ஓட்டியதால் சைடுவால் மடங்கி நொந்து கிழிந்தது என்றது அவர்களின் அறிக்கை. எழுத்து மூலமாக வினாக்களும் அனுப்பினார்கள். சேற்றில் காற்றைக் குறைத்தீர்களா? குறைத்தேன் என்று என் கட்சிக்காரர் பிரமாணப் பத்திரத்தில் ஒளிக்காமல் சொன்னார். சேற்றில் காற்றைக் குறைத்தால் டயர் பரந்து பிடிக்கும் என்பது மலையில் வண்டி ஓட்டும் எல்லாருக்கும் தெரியும். தார்ச்சாலைக்கு ஏறியதும் வண்டியிலேயே வைத்திருக்கும் பம்பால் திரும்ப ஏற்றிக்கொள்வேன் என்றும் சொன்னார். உண்மையை மறைக்காத அந்தப் பதில் எங்களுக்கு நன்மையே செய்தது.

காற்றில்லாமல் ஓடிய டயர் தன் வயிற்றுக்குள் அதற்கான தடயத்தை வைத்திருக்கும். பஞ்சர் கடைப் பெரியவர் ஆணையத்தின் முன்னிலையில் டயரின் வாயை விரித்துக் காட்டினார். காற்றில்லாமல் ஓடியிருந்தால் உட்புறம் வட்டம் முழுக்க ஒரு நசுங்கல் கோடு விழுந்திருக்கும், ரப்பர் பொடி உதிர்ந்திருக்கும். மூன்று டயரிலும் உட்புறம் வழுவழுவென்று இருந்தது. வெட்டு ஒரே இடத்தில், வெளியிலிருந்து உள்ளே போயிருந்தது. பெண் உறுப்பினர் எழுந்து வந்து விரலால் தடவிப் பார்த்தார். படிப்புச் சான்றிதழ் இல்லாத நிபுணர்களை நம் நீதிமன்றங்கள் இன்னும் கொஞ்சம் மதித்துக் கேட்க வேண்டும் என்பது என் கருத்து.

கடைசியாக நான் வைத்தது அந்தக் கம்பெனியின் விளம்பர மடிப்பேடு. அதில் இந்த மாடல் 'ஆல் டெரைன்' பட்டியலில் இருந்தது. 'மட் டெரைன்' என்று தனிப் பட்டியல், அதில் மூன்றடுக்கு சைடுவால் கொண்ட வேறு மாடல். தயாரிப்பாளர் சரியாகத்தான் சொல்லியிருந்தார். கடைக்காரர்தான் ஒன்றை இன்னொன்றாக விற்றார்.

தீர்ப்பும் அப்படியே வந்தது. கம்பெனி மீதான முறையீடு தள்ளுபடி. கடைக்காரர் நான்கு டயரின் விலையை 9 சதவீத வட்டியோடு திருப்பித் தர வேண்டும். வண்டியை இழுத்து வந்த செலவும், வேலை கெட்ட நாட்களுக்கு ஒரு தொகையும், வழக்குச் செலவும் தனி. டயரில் '2218' என்று இருந்ததைக் காட்டி, 2018இன் 22ஆம் வாரத்தில் செய்த பழைய சரக்கு என்றும் வாதிட்டிருந்தேன். அதைத் தீர்மானிக்க அவசியமில்லை என்று ஆணையம் விட்டுவிட்டது. தீர்மானித்திருக்கலாம் என்று இப்போதும் நினைக்கிறேன். மேல்முறையீட்டுக்குப் போனால் பாதித் தொகையைக் கட்ட வேண்டும். கடைக்காரர் போகவில்லை, பணத்தைக் கட்டிவிட்டார்.

அதன் பிறகு என் கட்சிக்காரர் எல்.டி. வகை, மூன்றடுக்கு சைடுவால் மட் டெரைன் டயர் போட்டார். அதிலும் குறை உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் நானும் கடைக்காரர் செய்ததையே செய்தவன் ஆவேன். தார்ச்சாலையில் இரைச்சல் அதிகம், சீக்கிரம் தேயும், டீசல் கூடுதலாகக் குடிக்கும். பட்டன்களில் நுண்வெட்டுகள் குறைவு என்பதால் நனைந்த தாரில் பிரேக் பிடித்தால் வண்டி நிற்கச் சற்றுத் தூரம் எடுக்கும். மழையில் போடிமெட்டு இறங்குகிறவருக்கு அது சின்ன விஷயம் அல்ல. வளைவுகளில் இன்னும் நிதானமாக இறங்குகிறேன் என்றார். அகல டயர் வேண்டாம், சேற்றைக் கிழித்துக்கொண்டு அடியில் உள்ள கெட்டித் தரையைத் தொடும் குறுகிய டயரே மலைக்கு நல்லது என்பது பஞ்சர் கடைப் பெரியவரின் கட்சி. பழைய ஜீப்புகளின் 6.00-16 டயர் அப்படித்தான் மலை ஏறியது என்பார். முழுக்க மணலிலும் ஆழச் சேற்றிலும் ஓட்டுகிறவர்களுக்கு அது பொருந்தாது. அடியில் கல் இருக்கும் ஏலமலைக்குப் பொருந்தும்.

மலைக்கும் தோட்டத்துக்கும் வண்டி ஓட்டுகிறவர்களிடம் கேட்டுக்கொள்கிறேன். எந்தப் பாதை, எவ்வளவு பாரம் என்பதை வாய்வார்த்தையாக விடாமல் ஒரு செய்தியாக அனுப்பிவிட்டு டயர் வாங்குங்கள். மாட்டுவதற்கு முன் சைடுவாலில் எத்தனை அடுக்கு என்று படியுங்கள். மாடல் பெயரோடு பில் கேளுங்கள். கிழிந்த டயரை ரசீது இல்லாமல் யாரிடமும் ஒப்படைக்காதீர்கள். வழக்குப் போட இரண்டு ஆண்டு அவகாசம் இருக்கிறது, உங்கள் மாவட்டத்திலேயே போடலாம்.