பாக்குவெட்டிக்கு அஞ்சிய தாய்

பிள்ளை பெற்றவளின் தலைமாட்டில் பாக்குவெட்டியோ சிறு கத்தியோ வைப்பது நம் வீடுகள் பலவற்றின் பழைய வழக்கம். இரும்பிருந்தால் காத்துக்கறுப்பு அண்டாது என்பது நம்பிக்கை. விசுவமடுவில் என் உறவுக்காரப் பெண்ணொருத்தி, தலைப்பிள்ளை பிறந்த மூன்றாம் கிழமை, அந்தப் பாக்குவெட்டியை வீட்டைவிட்டே அகற்றச் சொல்லி அழுதாள். காரணம் சொல்லவில்லை. “இரும்புக்குப் பயந்தால் அது பேய்தான்” என்றார் மாமியார்.

வீடு தேடி வந்த குடும்பநல உத்தியோகத்தரிடந்தான் பின்னர் வாய் திறந்தாள். அதை எடுத்துப் பிள்ளையைக் குத்திவிடுவேனோ என்ற எண்ணம் ஓயாமல் வருகிறதாம். ஓயாமல் கையும் கழுவினாள். துடக்குக் காலமாகையால் வீட்டார் அதைத் துப்புரவென்று மெச்சினர். 31ஆம் நாள் துடக்குக் கழிந்த பின்னரும் கழுவல் நிற்கவில்லை.

மருத்துவர்கள் இதனை எண்ணச்சுழற்சி நோய் என்பர். பிள்ளைப்பேற்றை அடுத்து இது புதிதாகத் தோன்றலாம். முன்பே இருந்தால் கூடலாம். வேண்டாத எண்ணம் எந்தப் புதுத்தாய்க்கும் வந்துபோகும். இவர்களிடம் அது போவதில்லை. அந்த எண்ணம் அவர்களை நடுங்கவைக்கிறது. பிள்ளையைத் தூக்கவும் அஞ்சுகிறார்கள். தீங்கு செய்யும் விருப்பத்தின் அறிகுறியன்று அது. இல்லாத குரலைக் கேட்டு மெய்யென நம்பும் உளமாய நோய் வேறு. அதற்கு அன்றைக்கே வைத்தியசாலை வேண்டும்.

இலங்கையில் தாய்மாரிடம் கேட்கப்படும் எடின்பரோ அளவுகோல் 1987இல் வெளியானது. அதன் 10 வினாக்களும் மனச்சோர்வைத் தேடுபவை. பிள்ளையைப் பற்றிய கொடிய எண்ணம் வருகிறதா என்று அவற்றுள் ஒன்றேனும் கேட்பதில்லை. கேளாததைத் தாயும் சொல்வதில்லை. பைத்தியம் என்பார்கள், பிள்ளையைப் பறிப்பார்கள் என்ற பயம்.

2009 தை மாதத்தில் பரந்தன் – முல்லைத்தீவு வீதியால் விசுவமடுவைக் கடந்து கிழக்கே ஓடிய சனத்தில் சிறுமியராய் இருந்தோர் பலர் இன்று தாய்மார். எல்லாவற்றையும் போரின் தலையில் கட்டிவிடுவது நமக்குச் சுலபம். போர் காணாத ஊர்களிலும் இந்நோய் உண்டு. போரை மட்டும் சொல்லி முடித்தால், இதற்குச் சிகிச்சை உண்டென்பது மறைந்துபோகும். அஞ்சும் பொருளைப் படிப்படியாக எதிர்கொண்டு, கழுவாதிருக்கப் பழக்குவது முதன்மையான சிகிச்சை. தேவையெனில் சேர்ட்ரலின் போன்ற மாத்திரைகள் உண்டு. அவற்றுக்காகப் பெரும்பாலும் தாய்ப்பாலை நிறுத்த வேண்டியதில்லை. 1926 என்ற தேசிய உளநல இலக்கத்துக்கும் அழைக்கலாம்.

பிள்ளை பார்க்கப் போகிறவர்களே, பிள்ளை யார் சாயல் என்று ஆராய்ந்து முடிந்தபின், தாயிடம் தனியே ஒன்று கேளுங்கள்: “மனதுக்குள் ஏதும் பயம் இருக்குதோ, பிள்ளை?” என்ன மறுமொழி வந்தாலும் முகஞ்சுளியாதீர்கள்.