அரளி இலையில் விருந்து

"அரளியைத் தொட்ட கையை அலம்பாமல் வாயில் வைக்காதே!" இந்த எச்சரிக்கையைக் கேட்காமல் வளர்ந்தவர் நம்மில் யார்? ஸ்வாமிக்கு உகந்த பூதான்; ஆனால் இலை, பட்டை, வேர் எல்லாம் விஷம். ஆடுகூட முகர்ந்துவிட்டு விலகிப் போய்விடும்.

அப்படிப்பட்ட செடியை வயிறு புடைக்கத் தின்றுகொண்டு ஏழெட்டுப் புழுக்கள், எங்கள் கொல்லையில்! வெள்ளையும் பழுப்புமாக வரிவரியான உடம்பு. முதுகில் நான்கு ஜோடிக் கறுப்புக் கொம்புகள். "பூஜைச் செடியாயிற்றே, நசுக்கிப் போடு" என்றார் மாமியார். "விஷத்தைத் தின்றும் சாகாததை நான் எதற்குச் சாகடிக்க வேண்டும்?" என்று கேட்டு வைத்தேன். சில நாள் தவணை கிடைத்தது. அதற்குள் இலைக்கடியில் வெள்ளி ஜிமிக்கி மாதிரி ஒரு கூட்டுப்புழு தொங்கிற்று. மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதைப் பார்த்த மாமியார், பிறகு அந்தக் கிளையில் கை வைக்கவில்லை.

எனக்கோ சந்தேகம் தீரவில்லை. புத்தகங்களைப் புரட்டினேன்.

நம் உடம்பின் உயிரணுக்களில் நுண்ணிய பம்பு ஒன்று உண்டு. ஸோடியத்தை வெளியே தள்ளி, பொட்டாசியத்தை உள்ளே இழுப்பது அதன் வேலை. அரளி விஷம் அதில் போய் அடைத்துக்கொள்ளும். இருதயம் தாளம் தவறும். பூச்சிகளுக்கும் இதே பம்புதான்.

அமெரிக்காவில் எருக்கின் உறவான செடிகளைத் தின்னும் மோனார்க் வண்ணத்துப்பூச்சி, விஷம் ஒட்ட முடியாதபடி பம்பையே மாற்றிக்கொண்டிருக்கிறது. அதிலுள்ள மூன்று சிறு மாற்றங்களை விஞ்ஞானிகள் ஒரு பழ ஈக்குச் செய்து பார்த்து, 2019-ல் முடிவை வெளியிட்டார்கள். ஈயும் விஷத்தைத் தின்று பிழைத்தது! மோனார்க் அந்த விஷத்தை உடம்பிலேயே சேர்த்து வைக்கிறது. தின்ற பறவை வாந்தியெடுக்கும்; மறுபடி கிட்டே வராது.

நம் அரளிப் புழு வேறு தினுசு. அதன் பம்பு மாறவில்லை. விஷம் பட்டால் அடைத்துத்தான் போகும். ஆனால் தின்றது பம்பு வரை போனால்தானே? குடலோடு நிறுத்திக் கழித்துவிடுகிறது என்று கருதுகிறார்கள். வேண்டாத விருந்தாளியை வாசலிலேயே பேசி அனுப்புகிற சாமர்த்தியசாலிகள் நம்மிலும் உண்டே! மோனார்க்கைவிட இதுதான் எனக்கு ஒசத்தி.

சேமிப்பில்லாமல் பிற்பாடு என்ன செய்யும்? அதற்கும் வழி இருக்கிறது. வளர்ந்த ஆண் பூச்சி தேள்கொடுக்கு, கிலுகிலுப்பை முதலிய செடிகளைத் தேடிப் போய், காய்ந்த தண்டிலிருந்து வேறொரு விஷத்தை உறிஞ்சிக்கொள்கிறது. பெண் பூச்சியை மயக்கும் வாசனையையும் அதிலிருந்துதான் தயாரிக்கிறதாம்!