வானுக்குள் ஒரு கட்டில்: மில்டன் கீன்ஸிலிருந்து கிளென்கோ வரை

எங்கள் வான் 2001-ஆம் ஆண்டு வொக்ஸ்வாகன் டி4. முந்தி ஒரு தச்சரிடம் இருந்தது. வாங்கி ஒரு வருடமாகியும் கதவைத் திறந்தால் மரத்தூள் மணம் வரும். முன்னுக்கு மூன்று பேர் இருக்கலாம். பின்னுக்கு ஒன்றுமே இல்லை, வெறும் இரும்புப் பெட்டி.

"வீடு வாசல் இருக்க ஏன் வானுக்குள்ள படுக்கிறியள்?" என்று அம்மா கேட்டார். எங்களில் பலர் இந்தக் கேள்வியைக் கேட்டிருப்போம். பெற்றோர் அவ்வளவு பாடுபட்டு நான்கு சுவரும் கூரையும் தேடித் தர, பிள்ளைகள் காசு செலவழித்துக் கூடாரத்துக்குள் படுக்கிறோம். அம்மாவுக்கு என்னிடம் நல்ல பதில் இருக்கவில்லை. ஒன்பது வயது மகளுக்கும் ஆறு வயது மகனுக்கும் ஸ்கொட்லாந்து மலைகளைக் காட்டவேண்டும், ஹோட்டல் விலை கட்டாது, அவ்வளவுதான்.

பழைய வானை முகாம் வானாக மாற்றுபவர்கள் முதலில் தேடுவது பின்னுக்குப் போடும் மடிப்புக் கட்டில் சீட். இங்கே அதை ரொக் அண்ட் ரோல் பெட் என்பார்கள். பகலில் சாய்ந்து இருக்கலாம். இரவில் சீட்டை முன்னுக்கு இழுத்தால் முதுகுப் பக்கம் கீழே இறங்கி, பின்னால் இருக்கும் மெத்தையோடு சேர்ந்து ஒரே படுக்கையாகிவிடும். டி4 போன்ற வானில் முழு அகலத்துக்கும் போடலாம், முக்கால் அகலத்துக்கும் போடலாம். முக்கால் அகலம் போட்டால் பக்கத்தில் சின்ன அலுமாரியும் அடுப்பும் வைக்க இடம் மிஞ்சும். நாங்கள் முக்கால் என்று முடிவெடுத்தோம்.

இணையத்தில் தேடி, யாரோ வீட்டில் செய்த பழைய பெட் ஒன்றை 180 பவுண்ஸுக்கு வாங்கினேன். புதிதாக வாங்கினால் ஆயிரத்துக்கு மேல். எண்ணூறு பவுண்ஸுக்கு மேல் மிச்சம் பிடித்துவிட்டேன் என்று எனக்குள் ஒரே புளுகம்.

அதைப் பூட்ட உதவிக்கு அப்பாவைக் கூப்பிட்டேன். அப்பாவும் அம்மாவும் ஹாரோவில் இருக்கிறார்கள். எங்கள் வான் அங்கே போகாது. 2023 ஓகஸ்டிலிருந்து யூலெஸ் லண்டன் முழுவதற்கும் வந்துவிட்டது. இவ்வளவு பழைய டீசல் வானைக் கொண்டுபோனால் ஒரு நாளைக்குப் பன்னிரண்டரை பவுண்ஸ். அதனால் அப்பாதான் ரயிலேறி வருவார். ஊரில் இருந்த காலத்தில் சுன்னாகத்தில் ஒரு கராஜில் இரண்டு வருடம் வேலை பழகியவர். லண்டனுக்கு வந்தபின் ஒரு மொத்த வியாபாரக் கடைக்கு இருபது வருடம் டிரான்சிட் வான் ஓடினார். நான் மாஸ்டர்ஸ் வரை படித்தது அந்த வானின் சம்பளத்தில்.

வந்தவர் தேத்தண்ணி குடிக்கக்கூட உள்ளே வரவில்லை. பெட்டைச் சுற்றி ஒருமுறை நடந்தார். குனிந்து அடியில் கை விட்டுப் பார்த்தார்.

"உதை எவ்வளவுக்கு வாங்கினனீ?"

"நூற்றெண்பது."

"பெல்ட் எதில பூட்டியிருக்கு?"

காட்டினேன். இடுப்புப் பெல்ட் இரண்டு, மெல்லிய சதுரக் குழாயில் ஒரு சின்னத் தகட்டை ஒட்டி அதில் பூட்டியிருந்தது. அப்பா அந்த ஒட்டை நகத்தால் சுரண்டினார். பெயின்ட் உரிந்தது. அடியில் பாதி இடத்தில் ஒட்டுப் பிடிக்கவே இல்லை.

"தம்பி, உது கட்டில். சீட் இல்லை. உதில பிள்ளையளை இருத்தி ஓட ஏலாது."

எனக்குக் கோபம் வந்தது. ஊரில் ஒரு ஹையேஸ் வானில் இருபது பேரை ஏற்றிக்கொண்டு கோயிலுக்குப் போனவர்கள்தானே இவர்கள்? அதைச் சொல்லியும் விட்டேன். அப்பா பதில் சொல்லவில்லை. கைகளைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அன்றிரவு கணக்குப் போட்டுப் பார்த்தேன். வேலையில் ஒவ்வொரு வரி நிரலையும் சோதித்துப் பார்க்காமல் வெளியே விடாத நான், இதை ஏன் முதலிலேயே செய்யவில்லை என்று தெரியவில்லை. மணிக்கு 30 மைல் வேகத்தில் போகும் வான் ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் நின்றால், 25 கிலோ பிள்ளை பெல்ட்டை இழுக்கும் விசை ஏறக்குறைய 340 கிலோ எடைக்குச் சமம். இரண்டு பிள்ளைகள் என்றால் அதன் இரண்டு மடங்கு. பெட்டின் சொந்தப் பாரம் வேறு. எல்லாவற்றையும் பிடித்துக்கொள்ளப் போவது அப்பா நகத்தால் சுரண்டிய அந்த ஒட்டு.

விற்பவர்கள் 'எம்1 சோதனை' என்று சொல்வதன் பொருளும் அப்போதுதான் விளங்கியது. எம்1 என்பது பயணிகள் வாகன வகை. அதற்கான விதிப்படி தோள் பெல்ட்டையும் இடுப்புப் பெல்ட்டையும் ஒரே நேரத்தில் இழுத்துப் பார்ப்பார்கள், ஒவ்வொன்றையும் ஏறக்குறைய 1,350 கிலோ எடைக்குச் சமமான விசையால். சீட்டும் தரையும் சேர்ந்து அதைத் தாங்கவேண்டும். பெட்டை மட்டும் தனியாகப் பார்த்துப் பயனில்லை. வேறு மாதிரி வானில் சோதித்த பெட், உங்கள் வானில் சோதித்ததாக ஆகாது. அடுத்தது சிறுவர் இருக்கை. இங்கே 12 வயது ஆகும்வரை, அல்லது 135 செ.மீ. உயரம் வரும்வரை, பிள்ளைகளுக்கு அது வேண்டும். பூஸ்டர் சீட்டுக்குத் தோளுக்குக் குறுக்காக வரும் மூன்று முனைப் பெல்ட் தேவை. நான் வாங்கியதில் அதுவும் இல்லை.

டி4 வானிலேயே சோதித்த, மூன்று முனைப் பெல்ட் இரண்டு உள்ள பெட்டை வாங்கினோம். அந்த வருட விடுமுறைக் காசில் முக்கால்வாசி அதோடு முடிந்தது.

மார்ச் மாதம் இரண்டு சனிக்கிழமை அப்பா வந்தார். முதல் சனி தரையைக் கிளப்பினோம். தச்சர் போட்டிருந்த ஒட்டுப்பலகைக்குக் கீழே, பின் சில்லு வளைவின் ஓரமாக இரும்பு துருப்பிடித்து விரல் போகும் அளவுக்கு ஓட்டை. போல்ட் எவ்வளவு நல்லதென்றாலும் துருவில் பூட்டினால் அது பேப்பரில் பூட்டினமாதிரி. பக்கத்துக் கராஜில் கொடுத்து வெட்டி, புதுத் தகடு ஒட்டி எடுத்தோம்.

இரண்டாவது சனி பெட்டை உள்ளே வைத்து அளந்தோம். மேலே வசதியாகத் தெரியும் இடத்துக்கு நேர் கீழே எரிபொருள் தாங்கியோ பிரேக் குழாயோ இருக்கும். அதனால் ஒவ்வொரு புள்ளிக்கும் அப்பா கீழே போய்ப் பார்த்து "ஓம்" என்ற பிறகுதான் துளை. முதலில் சின்னத் துளை, பிறகு பெரியது. துளையின் ஓரமெல்லாம் துத்தநாகப் பெயின்ட். கீழ்ப்பக்கம், பெட் செய்தவர்களே தந்த தடித்த தகடுகளை வைத்து, விசை ஒரு துளையில் மட்டும் விழாமல் பரவும்படி பூட்டவேண்டும். சாதாரண போல்ட் கூடாது. தலையில் 8.8 என்று பொறித்தது வேண்டும்.

வானை ராம்ப்பில் ஏற்றி, சில்லுகளுக்குக் கட்டை வைத்து, அப்பா அடியில் படுத்து ஸ்பேனரால் நட்டைப் பிடித்தார். வேண்டாம் என்று சொன்னேன், கேட்கவில்லை. நான் மேலே டோர்க் ரெஞ்சோடு. அவர் முகம் எனக்குத் தெரியாது. குரல் மட்டும் இன்னும் போல்ட் போடாத துளைகளுக்கூடாக வந்தது.

"அண்டைக்கு வெம்பிளியில பிரேக் அடிச்சன் எல்லே."

எந்த நாள் என்று கேட்க எனக்குத் தேவைப்படவில்லை. என் வலது புருவத்துக்கு மேல் நாலு தையல் அடையாளம் இருக்கிறது. எனக்கு அப்போது எட்டு வயது. சனிக்கிழமைகளில் தமிழ்ப் பள்ளிக்குப் போகும் வழியில் அப்பா கடைகளுக்குச் சாமான் இறக்குவார். முன் சீட்டில் அம்மாவும் தங்கச்சியும். நான் பின்னுக்கு அரிசி மூட்டைகளுக்கு மேல். பின் சீட்டுப் பெல்ட்டைப் பிள்ளைகள் போடவேண்டும் என்ற சட்டம் 1989-லேயே வந்துவிட்டது. ஆனால் எங்களுக்குப் பின்னுக்குச் சீட்டே இல்லையே. பஸ்ஸுக்கு நேரமில்லை, இன்னொரு காருக்குக் காசில்லை. எனக்கு அந்த மூட்டைகள் சிம்மாசனம்.

"ஓம் அப்பா."

"பின்னால சத்தம் கேட்டது. திரும்பிப் பாக்கப் பயந்து போனன். கொஞ்ச நேரம் முன்னுக்கே பாத்துக்கொண்டு இருந்தன்."

இருபத்தெட்டு வருடத்தில் அவர் இதைப் பற்றிக் கதைத்தது அதுதான் முதல் தடவை. எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. எனக்கு நோகவேயில்லை என்று சொன்னேன். பொய்தான்.

"ம்ம். இறுக்கு," என்றார். ரெஞ்ச் 'டிக்' என்றது. அடுத்த போல்ட்.

மே கடைசி, பள்ளி அரைத்தவணை விடுமுறை. மனைவிக்கு மருத்துவமனையில் லீவு கிடைக்கவில்லை. அம்மா கடைசிவரை வரமாட்டேன் என்றார், ஆனால் ஐம்பது மட்டன் ரோல்ஸ் செய்து அனுப்பினார். அப்பாவும் நானும் முன்னுக்கு, பிள்ளைகள் பின்னுக்கு. ஏறக்குறைய 450 மைல். டி4 அறுபதைத் தாண்டினால் முனகும், அதனால் இரண்டு நாள் வைத்துக்கொண்டோம். எம்6 வழியில் டீபேயில் நிறுத்தி வாத்துகளைப் பார்த்தோம். அடுத்த நாள் கிளாஸ்கோ தாண்டி ஏ82. லொக் லோமண்ட் ஏரிக்கரையில் வீதி ஒடுங்கி, எதிரே பஸ் வந்தால் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொள்வோம். பிறகு ரனொக் மூர். மரமில்லை, வீடில்லை, கண் போகும் தூரமெல்லாம் சதுப்பும் கல்லும் சின்னக் குளங்களும். அதன் முடிவில் பூகல் எடிவ் மோர் மலை கோபுரம்போல் நிற்கிறது. உயரம் 1,021 மீட்டர். சின்னவன் போனை வைத்துவிட்டு வெளியே பார்த்தது அங்கேதான்.

கிளென்கோவின் கதையைப் பிள்ளைகளுக்குச் சொன்னேன். 1692 பெப்ரவரியில், அரசருக்குச் சத்தியம் செய்யப் பிந்தினார்கள் என்ற சாட்டில், இங்கிருந்த மக்டொனல்ட் குலத்தவர் 38 பேரை இராணுவம் கொன்றது. அதற்கு முன் ஏறக்குறைய இரண்டு கிழமை அதே படையினர் அவர்களுடைய வீடுகளில் விருந்தாளிகளாகத் தங்கியிருந்தார்கள். தப்பியோடிய பலர் பனியில் விறைத்துச் செத்தார்கள்.

"சாப்பாடு போட்டவையளையோ?" என்றார் அப்பா. பிறகு மலைகளைச் சுற்றிப் பார்த்தார். "ஓடினவை எந்தப் பக்கத்தால ஓடினவை?"

எனக்குத் தெரியவில்லை. அங்கே நிற்கும் சுற்றுலாப் பயணிகள் எல்லோரும் படம் எடுக்க நல்ல இடத்தைத் தேடுவார்கள். அப்பா வெளியேறும் வழியைத் தேடினார்.

அடுத்த நாள் கிளென் எடிவ் பள்ளத்தாக்கு. ஏ82-இலிருந்து பிரிந்து கடலேரிவரை ஏறக்குறைய பன்னிரண்டு மைல் போகும் ஒற்றைத்தட வீதி. 2012-இல் வந்த ஜேம்ஸ் பொண்ட் படத்தில் காட்டிய இடம். எதிரே வாகனம் வந்தால் ஒதுங்கும் இடம் பார்த்து நின்று கை காட்டவேண்டும். மெதுவாகத்தான் ஓடினேன். ஒரு வளைவு தாண்டியதும் வலப்பக்கப் புற்களுக்குள்ளிருந்து மான் ஒன்று நேரே வீதிக்குப் பாய்ந்தது. முழுப் பலத்தோடு பிரேக்கை மிதித்தேன். பாத்திரங்கள் அலுமாரிக்குள் உருண்டன. வான் நின்றது. மான் எங்களை ஒருமுறை பார்த்துவிட்டு நடந்து போனது.

நான் திரும்ப முன்னமே அப்பா திரும்பிவிட்டார்.

"அப்பப்பா, ஜூஸ் கொட்டுண்டு போச்சு," என்றான் சின்னவன். மகள் பெல்ட் தோளை இறுக்கிவிட்டது என்று முறைப்பாடு சொன்னாள். அப்பா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "பரவாயில்லை, பரவாயில்லை," என்று நாலைந்து தரம் சொன்னார். பிறகு தன் லேஞ்சியை எடுத்து ஜூஸைத் துடைக்கக் கொடுத்தார்.

இரவு முகாமில் சீட்டை இழுத்துக் கட்டிலாக்கினோம். அப்பாவும் சின்னவனும் அதில், நானும் மகளும் பக்கத்தில் கூடாரத்தில். பத்து மணிவரை வெளிச்சம். மிட்ஜ் என்கிற பொடிப்பூச்சிகள் கடித்துத் தள்ளின. வானுக்குள் கொஞ்ச நேரம் சுன்னாகத்துக் கதை கேட்டது, பிறகு குறட்டை.

இதைப் படித்துவிட்டுப் பழைய வான் தேடப் போகிறவர்களுக்கு இவ்வளவுதான் சொல்வேன். படுக்கையாக வசதியா என்று பார்க்க முன், சீட்டாகத் தாங்குமா என்று பாருங்கள். பிள்ளைகள் அதில் படுப்பது வான் நிற்கும்போது, இருப்பது வான் ஓடும்போது. தரையின் துருவைப் பாருங்கள். சீட் எண்ணிக்கை மாறினால் காப்புறுதிக்காரருக்கும் டிவிஎல்ஏக்கும் அறிவியுங்கள். நம்பிக்கை இல்லாவிட்டால் பூட்டும் வேலையைத் தெரிந்தவர்களிடம் கொடுங்கள். அந்த 180 பவுண்ஸ் பெட் இப்போது எங்கள் கொட்டிலில் இருக்கிறது. மகள் அதில் படுத்துக் கதைப்புத்தகம் வாசிக்கிறாள். கட்டிலாக அதில் ஒரு குறையும் இல்லை.

திரும்பி வந்து இரண்டு கிழமையில் அப்பா மறுபடி ரயிலேறி வந்தார். தொள்ளாயிரம் மைலுக்கு மேல் ஓடிவிட்டது, போல்ட்டுகளை ஒருக்கால் பார்க்கவேண்டும் என்றார். நான் மேலே, அவர் கீழே. ஒவ்வொன்றாகப் பார்த்தோம். ஒன்றும் இளகவில்லை.