மௌனம் சம்மதமன்று

மௌனம் சம்மதத்திற்கு அறிகுறி என்பது எம்மவர் வழக்கு. சபையிலே அது பொருந்தலாம். கணனித் திரையிலே பொருந்தாது. மென்பொருள் எழுதுவதைத் தொழிலாகக் கொண்ட நான், இவ்வாண்டு மலர் வாயிலாக எம் மாணவச் செல்வங்களுக்கு இதனைச் சொல்ல விரும்புகின்றேன்.

கணனியில் ஒன்றை அழிக்க முற்படும்போது சிறு பெட்டியொன்று தோன்றி எம்மிடம் வினவுகின்றது. இதனை உரையாடல் பெட்டி என்பர். அதன் அடியிலே ‘ஆம்’, ‘இல்லை’ என இரு பொத்தான்கள் இருக்கும். பொத்தான் மேலுள்ள சொல் மனிதருக்கு உரியது. செய்நிரலைச் சென்றடைவதோ ஓர் எண் மட்டுமே. விண்டோஸ் இயங்குதளத்தின் செய்திப் பெட்டியில் ‘ஆம்’ என்பதற்கு 6, ‘இல்லை’ என்பதற்கு 7. லினக்ஸ் கணனிகளில் பெரிதும் பயன்படும் ஜி.டி.கே. என்னும் கருவித்தொகுதியில் அவை முறையே -8, -9. அங்கே எந்தப் பொத்தானையும் அழுத்தாது, மூலையிலுள்ள பெருக்கல் குறியால் பெட்டியை மூடினால் -4 என்னும் எண் வந்து சேரும். ஆம், மௌனத்திற்கும் ஓர் எண் உண்டு!

நிரலாளரின் பொறுப்பு இங்கேதான் தொடங்குகின்றது. “இல்லை என்னும் எண் வராவிட்டால் அழித்துவிடு” என்று எழுதினால் மௌனமும் சம்மதமாகிவிடும். “ஆம் என்னும் எண் வந்தால் மட்டுமே அழி” என்று எழுதுவதே முறை. நானறிந்த மூதாட்டி ஒருவர், திரையில் தோன்றிய பிரெஞ்சு வினா விளங்காமையால் பெட்டியை மூடிவிட்டார். ஊரிலே எடுத்த குடும்பப் படங்கள் யாவும் அழிந்துபோயின. அவர் ‘ஆம்’ என்று சொல்லவேயில்லை.

அவ்வினா தமிழில் தோன்றியிருந்தால்? கியூபெக்கில் 1977ஆம் ஆண்டின் பிரெஞ்சு மொழிச் சாசனத்தில், பிரெஞ்சுப் பதிப்புள்ள மென்பொருள் அம்மொழியிலும் கிடைக்க வேண்டும் என்னும் விதி 1997இல் சேர்க்கப்பட்டது. தமிழுக்கு இங்கு அத்தகைய சட்டத் துணை இல்லை. ஆர்வலர் துணை உண்டு. 1991இல் வெளியான யூனிகோடின் முதற் பதிப்பிலேயே தமிழ் எழுத்துக்கள் இடம்பெற்றன. பின்னர் குனோம், கே.டி.ஈ. முதலிய திரை இடைமுகங்களைத் தன்னார்வலர் தமிழாக்கினர்.

ஆயினும் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் போதாது. “அழிக்கவா?” என்று கேட்டால் தமிழர் ‘இல்லை’ என்பதில்லை, ‘வேண்டாம்’ என்பர். ‘இல்லை’ இன்மையைக் குறிப்பது. ‘வேண்டாம்’ மறுப்பைக் குறிப்பது. ஆங்கிலமும் பிரெஞ்சும் இவ்விரு விடைகளையும் ஒரே சொல்லால் கூறிவிடும். ஆகவே எமது பொத்தான்களில் ‘அழி’, ‘வேண்டாம்’ என்றிருப்பதே இயல்பு. செய்நிரல் எண்ணையே நோக்குவதால், மேலுள்ள சொல்லை மாற்றினாலும் அதன் செயல் மாறுவதில்லை.

சென்ட் லோரன்டில் வாரநாட்களிற் பிரெஞ்சிலே பயின்று, வார இறுதியிலே தமிழ் கற்கும் எம் பிள்ளைகளுக்கு இந்நுட்பம் எளிதில் விளங்கும். அவர்களுட் சிலர் நாளை செய்நிரல் எழுதுவர். அவர்கள் எழுதும் பெட்டிகள் எங்கள் மூத்தோரிடம் தமிழிலே கேட்கட்டும். தெளிவான விடை கிடைக்கும்வரை எதனையும் அழியாது காக்கட்டும்.