திருத்தமும் திரிபும்

திருச்சிற்றம்பலம்

குற்றத்தைக் களைதல் திருத்தம். குற்றமில்லாததனைக் குற்றமெனக் கருதி மாற்றுதல் திரிபு. இவ்விரண்டும் புறத்தே ஒன்றுபோலத் தோன்றினும் பயனால் வேறாவன. பண்டு ஏடெழுதுவோர்மாட்டு ஆராயப்பட்ட இவ்வேறுபாடு, இன்று கைபேசியில் எழுதுவோர் அனைவர்க்கும் ஆராயற்பாலதாயிற்று. எழுதுவான் கருதிய சொல்லைக் கருவி தானே வேறு சொல்லாக மாற்றிவிடுதலே அதற்குக் காரணம்.

தென்காசியில் முதியவராகிய அன்பர் ஒருவர் உளர். அங்கிருந்து ஐந்து கிலோமீட்டர் அளவில் உள்ள திருக்குற்றாலத்தில் சிறுவர் சிலர் திருமுறை ஓதி வருகின்றனர். மார்கழித் திருவாதிரையன்று சித்திரசபைத் திருமுன்னர் ஓதுதற்பொருட்டுச் சில பாடல்களை அன்பர் அச்சுநூலைப் பார்த்துக் கைபேசியில் எழுதி அவர்கட்கு அனுப்பினார். திருஞானசம்பந்த சுவாமிகள் குற்றாலத்திற்கு ஒன்றும், அங்குத் தலமரமாக விளங்கும் குறும்பலாவிற்கு ஒன்றுமாக இரு பதிகங்கள் அருளியுள்ளமை அன்பர்கள் அறிந்ததே. தலைப்பில் 'குறும்ப' என்று எழுதும்போதே கருவி அதனைக் 'குறும்படம்' என முடித்துக்கொண்டது. கண்ட சிறுவர் நகைத்தனர், உடனே வினவினர், அன்பரும் உடனே திருத்தினார். அதனால் விளைந்த தீங்கு யாதுமில்லை.

தீங்கு வேறோரிடத்தில் இருந்தது. பாடலொன்றில் 'அரன்' என்று நிற்க வேண்டிய சொல் 'அரண்' என மாறிச் சென்றதை அன்பர் கண்டிலர், சிறுவரும் ஐயுற்றிலர். சிவபிரான் திருப்பெயர் கோட்டைமதிலாயிற்று. அரண் என்பதும் தமிழ்ச்சொல்லே. இறைவனை அடியார்க்கு அரண் எனக் கூறுதலும் மரபே. ஆதலின் பொருள் ஒருவாறு பொருந்துவதுபோலத் தோன்றிற்று. சில நாள் கழித்து அன்பர் நேரிற் சென்று ஓதக்கேட்டபோதே பிழை வெளிப்பட்டது.

"தம்பி, அச்சொல் அரன் அல்லவா?" என்றார் அன்பர்.

"தாத்தா, நீங்கள் அனுப்பியதில் அரண் என்றுதானே இருக்கிறது? கைபேசி பிழையாகவா எழுதும்?" என்றான் சிறுவன்.

அன்பர் சிறிது நேரம் வாளா இருந்தார். பின்னர், "அது எழுதியதை நான் படித்துப் பாராமல் அனுப்பினேன். பிழை என்னுடையது" என்றார். அன்றுதொட்டுத் திருவாதிரை வரையும் மாலைதோறும் குற்றாலம் சென்று அவ்வோரடியை அவர்களுடன் ஓதினார். ஆயினும் திருவாதிரையன்று ஒரு சிறுவன் நா பழைய எழுத்திலேயே சென்றது. மூடச்சொல்லாகத் திரிந்த பிழை தன்னைத் தானே காட்டிக்கொள்ளும். நற்சொல்லாகத் திரிந்த பிழையோ நெஞ்சிற் குடிபுகும் என்பது இதனாற் பெறப்படும்.

இத்திரிபு நிகழுமாறு யாங்ஙனமெனின், கூறுதும். கருவியினுள் ஒரு சொற்பட்டி உண்டு. எழுதிய சொல் பட்டியில் இல்லையாயின், எழுத்தால் அதற்கு அணித்தாயும் வழக்கில் மிகுதியாயும் உள்ள சொல்லை அது நிறுத்தும். ஒரு பகுதியினின்று எண்ணிறந்த சொல்வடிவங்கள் தோன்றும் தமிழில் எப்பட்டியும் நிரம்புவதன்று. அன்றியும் அன்பர் ஆங்கில எழுத்துக்களை அழுத்தித் தமிழ் எழுதினார். அம்முறையில் னகர ணகரங்கட்கும் லகர ளகரங்கட்கும் பெரும்பாலும் ஓரெழுத்தே வாயிலாகலின், எதுவென்பதைக் கருவியே ஊகிக்கின்றது. மாயேயம், திரோதாயி முதலிய சாத்திரச் சொற்களும், அளபெடைக்கண் நிற்கும் உயிரெழுத்தும், செய்யுளோசை நோக்கி 'நமச்சிவாய' என ஒற்றுமிக்கு வருதலும் அப்பட்டிக்குப் பிழையாகத் தோன்றுதல் வியப்பன்று. ஆங்கிலத்தில் 'சைவ' என்பதை எழுதும்போது ஓரெழுத்து மிகின் அஃது 'உமிழ்நீர்' எனப் பொருள்படும் சொல்லாதலும் எண்ணத்தக்கது.

கண் தானே காண்பதன்று, கண்வழி நின்று உயிரே காணும் என்பது நம் சித்தாந்தத் துணிபு. பொறிகள் சடமாதலின், உயிர் அவற்றொடு கூடாவிடத்து அவற்றால் அறிவு நிகழாது. கைபேசியும் அத்தகைய சடமே. அது சொல்லை எண்ணும், பொருளை உணராது. உணர்வுடைய உயிர் உணர்தற்றொழிலை உணர்வில்லாததற்கு விட்டுக்கொடுப்பின் குற்றம் சடத்தின்மேற் சாராது.

அற்றேல் அக்கருவியை அறவே விலக்குதல் தக்கதெனின், அற்றன்று. ஏட்டிலும் இவ்விடர்ப்பாடு இருந்தது. மெய்க்குப் புள்ளி பெரும்பாலும் இன்றியும், எகர ஏகாரங்கள் வேறுபாடின்றியும் எழுதப்பட்ட ஏடுகளைப் பெயர்த்தெழுதினோர் தாம் அறியாத சொல்லைத் தாம் அறிந்த சொல்லாக மாற்றியதுண்டு. திருவாவடுதுறையிற் பயின்ற மகாமகோபாத்தியாய உ. வே. சாமிநாதையரவர்கள் 1887-இல் சீவகசிந்தாமணியைப் பதிப்பித்தது முதலாகப் பல சுவடிகளை ஒப்புநோக்கி, பிரதிபேதங்களைக் காட்டிச் சென்றார்கள். பிழையெனத் தோன்றியதையும் அழியாது காத்துக் கற்பவர் ஆராய்ச்சிக்கு விடுத்த அந்நெறியே இன்றும் வேண்டுவது.

ஆதலின், திருமுறை எழுதுவோர் கைபேசியின் அமைப்புப் பகுதியில் தானே திருத்தும் ஏற்பாட்டை நிறுத்திச் சொற்குறிப்பு மட்டும் காட்டுமாறு வைத்துக்கொள்க. சாத்திரச் சொற்களைத் தமக்குரிய அகராதியிற் சேர்த்துவைக்க. 1999-இல் தமிழ்நாட்டரசு ஏற்ற தமிழ்99 முதலிய தமிழெழுத்துப் பலகையைப் பயில்க. இவையனைத்தினும் மேலாக, அனுப்புமுன் மூலத்தோடு ஒப்பிட்டு ஒருமுறை வாய்விட்டு ஓதுக.

தென்காசித் திருக்கோயிலை 15-ஆம் நூற்றாண்டில் எடுப்பித்த பராக்கிரம பாண்டியன், இக்கோயிலுக்கு யாதேனும் குற்றம் நேருமாயின் அதனைச் செவ்விதாக நீக்கிக் காப்பவர் யாவராயினும் அவரைத் தான் பணிவதாகக் கல்லில் எழுதிவைத்தான். அரசன் பணிந்தது நேர்ந்த குற்றத்தை அறிந்து நீக்குவாரை. நிலைபெற்ற கல்லைக் குற்றமெனப் பெயர்ப்பாரை அன்று. சொற்கோயிலாகிய திருமுறைக்கும் இஃதொக்கும்.

திருச்சிற்றம்பலம்